வீட்டிலேயே காபிக்கொட்டை வறுக்கலாமா? டிகாஷன் முதல் கருப்பட்டிக் காப்பி வரை... முழு விவரம்!

நாகர்கோவில் பக்கம் மழை பெய்தால் கருப்பட்டிக் காப்பி கட்டாயம். ஆனா, அந்தத் தூளில் காபி எவ்வளவு, சிக்கரி எவ்வளவுன்னு என்னைக்காவது பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்திருக்கீங்களா?

சிக்கரி எவ்வளவு இருக்கலாம்?

உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதாவது, 49 சதவீதம் வரை சிக்கரி இருந்தாலும் தப்பில்லை. ஆனால் விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். சிக்கரி ஒரு செடியின் வேர். நிறமும் கெட்டித்தன்மையும் தரும். அதில் கஃபீன் கிடையாது. காசு முழுக்கக் காபிக்கே போகணும்னா, கொட்டை வாங்கி வறுப்பது ஒரு வழி.

எந்தக் கொட்டை?

மணத்துக்கு அரபிகா, ஏற்காடு, கொடைக்கானல் கீழ்மலைப் பகுதிகளில் விளைகிறது. கசப்புக்கும் அழுத்தத்துக்கும் ரொபஸ்டா. இதில் கஃபீன் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

வறுப்பது எப்படி?

* கனமான இரும்புச் சட்டியில் 100 கிராம் பச்சைக் கொட்டை போதும். மிதமான தீயில் கை விடாமல் கிளறணும்.
* பச்சை நிறம் மஞ்சளாகி, பழுப்பாகும். கொட்டையின் சூடு 200 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது 'சட் சட்' என்று வெடிக்கும். இது முதல் வெடிப்பு.
* கொஞ்ச நேரத்தில் மெல்லிய சத்தத்துடன் இரண்டாவது வெடிப்பு தொடங்கும். ஃபில்டர் காபிக்கு அப்போதே இறக்கிடுங்க. தாண்டினா கரிதான் மிஞ்சும்.
* சட்டியிலேயே விட்டால் சூட்டில் மேலும் கருகும். உடனே முறத்தில் கொட்டி ஆற்றணும்.

100 கிராம், 80 முதல் 85 கிராமாகக் குறையும். புகையும் தோலும் பறக்கும் என்பதால் புறவாசலில் வறுப்பது நல்லது.

உடனே அரைக்கலாமா?

வேண்டாம். வறுத்த கொட்டையிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். ஒரு நாளாவது விட்டு அரைங்க. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் என்பதால் ஈரக்காற்று சீக்கிரம் மணத்தைக் கெடுத்துடும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வறுத்து, காற்றுப் புகாத டப்பாவில் வைங்க.

டிகாஷன் தண்ணியா இருக்கா?

தூள் கொரகொரப்பாக இருந்தால் தண்ணீர் வேகமாக இறங்கிடும். ரொம்ப நைசாக இருந்தால் ஃபில்டர் அடைக்கும். இரண்டுக்கும் நடுவில் அரைக்கணும்.

கருப்பட்டி போட்டா பால் திரியுதா?

கொதிக்கும் பாலில் கருப்பட்டியைப் போட்டால் திரிய வாய்ப்பு அதிகம். தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, கட்டன் காப்பியாகக் குடிக்கலாம். பால் வேணும்னா, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு கடைசியில் சேருங்க.

ஒரு விஷயம்: கருப்பட்டியும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். சுகர் இருக்கிறவங்க அளவு பார்த்தே குடிக்கணும்.