உடும்புப்பிடி: ஒரு பெயரின் வரலாறு

மற்போரில் எதிரியை அசையவிடாது இறுக்கும் பிடியை உடும்புப்பிடி என வழங்குவது தமிழ் மரபு. கொண்ட கொள்கையை விடாதவரைக் குறிக்கவும் இச்சொல் பயில்கின்றது. இப்பெயரை இட்டவர் யாவர்? களத்தில் நின்ற மல்லரா, காட்டில் நின்ற வேட்டுவரா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மற்போர் தமிழரிடையே தொன்மையானது. சோழன் போரவைக்கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றமையைப் புறநானூற்றின் 80ஆம் பாடலிற் சாத்தந்தையார் கூறுகின்றார். சோழன் ஒரு காலை மல்லனின் மார்பில் ஊன்றி, மறு காலால் அவன் முயற்சியைத் தடுத்து முதுகுப்புறம் வளைக்கின்றான். கை மட்டுமன்றி முழு உடலுமே ஈண்டுப் பிடியாகின்றது. கி.பி. 7ஆம் நூற்றாண்டிற் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்ற பட்டத்தைச் சூடினான். இவ்வாறு மல்லன் என்ற சொல் அரியணை ஏறியது. ஆயின், உடும்புப்பிடி என்ற பெயரின் வேரைக் காட்டிலேயே தேடவேண்டும்.

வன்னிப் பெருநிலத்தில், உடையார்கட்டு முதலிய ஊர்களின் சுற்றுப்புறத்தில், உடும்பு பழக்கமான உயிரினம். அதன் வலிமை வளைந்த நகங்களில் மட்டும் தங்கியிருக்கவில்லை. பொந்தினுட் புகுந்ததும் அது காற்றை உள்வாங்கி உடலைப் பெருப்பிக்கின்றது. நகங்கள் நிலத்தைப் பற்ற, உடல் பொந்தை அடைத்துக்கொள்கின்றது. தொலைவில் நின்று நோக்குவார்க்கு இது புலப்படாது. பொந்தினுட் கைவிட்டு இழுத்தவனே அறிவான். “உடும்பு வேண்டாம், கை வந்தாற் போதும்” என்னும் பழமொழி அத்தகையவனின் கூற்றாகும். பிடிக்கச் சென்றவனே பிடிபடுகின்றான். மற்போரிலும் முழு உடலாலும் இறுக்கும் பிடியே விடுவித்தற்கு அரியது. ஆகவே வேட்டுவரின் பட்டறிவே மல்லரின் சொல்லாயிற்று எனக் கொள்வது பொருந்தும்.

மேலைநாட்டு மல்லரும் ஒரு பிடியைப் ‘பொஸ்ரன் நண்டு’ என்பர். குப்புறக் கிடப்பவனின் கால்களைப் பின்னோக்கி மடக்கும் அப்பிடியின் பெயர் நண்டின் தோற்றத்தை நினைவூட்டுகின்றது. தமிழ்ப்பெயரோ உயிரியின் செயலைச் சுட்டுகின்றது.

இலங்கையில் இன்று உடும்பு சட்டத்தாற் பாதுகாக்கப்படும் உயிரினம். வேட்டை ஒழிவது நன்றே. எனினும் வேட்டையோடு வளர்ந்த அறிவும் அதனோடு மறைகின்றது. 2009ஆம் ஆண்டுப் போரில் உடையார்கட்டு மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தனர். மீண்டும் குடியேறியோரில் காட்டை நன்கறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். அகராதி சொல்லைக் காக்கும். அச்சொல் பிறந்த வாழ்க்கையை அம்முதியோரே கூறவல்லர். அவர்கள் வாய்மொழியைக் கேட்டு எழுதிவைப்பது தமிழ் பயிலும் மாணவராகிய நம் கடனாகும்.