ஊர்க்கணக்குப் பதவி வந்த வழி



சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆண்டுக்கூட்டம் முடிந்து யாம் பந்தியில் அமர்ந்திருந்த காலை, முதியவர் ஒருவர், "எம் பாட்டனார் கையிலிருந்த கணக்கைச் சர்க்கார் பிடுங்கிக்கொண்டது" என்று மனம் நொந்து கூறினர். எதிர்வரிசையிலிருந்த இளைஞன் ஒருவன், "அது உங்கள் வீட்டுச் சொத்தா, ஐயா?" என்று வினவினன். முதியவர் இலையை மடித்து எழுந்துவிட்டனர். இருவர் பக்கத்திலும் சிறிது நியாயம் உண்டென்று அன்றே எமக்குத் தோன்றிற்று. அதன் வரலாற்றை ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

ஊர்ப்பணிக்கு ஆள் தெரிந்தெடுத்த முறையைப் பற்றிப் பேசுவோர் பலரும் உத்தரமேரூரிலேயே தொடங்குவர். முதற் பராந்தக சோழன் காலத்தே, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்கள் அங்கே உள. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயரை ஓலையிலெழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்தனர். இறையிறுக்கும் நிலம் கால்வேலிக்கு மேலுடைமை, சொந்த மனையில் வீடு கட்டி வாழ்தல், வேதக்கல்வி என்பன தகுதிகள். முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தவன் மட்டுமன்றி அவன் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டமை எம்மைப் பெரிதும் கவர்ந்தது. ஆயினும் இதனை எல்லா மக்கட்கும் திறந்த வாயில் என்று புகழ்வார் கூற்று எமக்கு உடன்பாடன்று. அது பிரமதேய ஊரின் சபை. நிலமும் வேதமும் இல்லாதார் பெயர் அக்குடத்துள் விழுந்ததேயில்லை.

இனி நம் பாட்டனார் காலத்துக் கணக்குக்கு வருவோம். ஆங்கிலக் கும்பினியார் நாட்டைக் கைக்கொண்டபோது, இந்நிலம் யாருடையது, எவ்வளவு தீர்வை என்பதை அறிந்திருந்தவர் ஊர்க்கணக்கர் ஒருவரே. நில அளவும் வரியும் அவர் வீட்டு ஓலைக்கட்டில் இருந்தன. அவரை விலக்கினால் வரி தண்ட இயலாது. அவரையே நம்பினாலோ அவர் சொன்னதே கணக்கு. ஆதலின் 1802ஆம் ஆண்டு 29ஆவது ஒழுங்குவிதி, சமீன் ஊர்களில் கர்ணம் பதவி காலியாகுங்கால், தகுதியின்மை காட்டினாலன்றி, முன்னிருந்தார் வாரிசே அதனைப் பெறவேண்டுமென வகுத்தது.

பின்னர், 1895இல் சென்னை மாகாணப் பரம்பரைக் கிராம உத்தியோகச் சட்டம் தோன்றிற்று. தென்னாட்டில் பாகம் பிரிக்கவொண்ணாச் சமீன்கள் எவ்வாறு மூத்த மகன்வழி இறங்கினவோ, அம்முறையிலேயே முன்சீபு, கணக்கு முதலிய பதவிகளும் இறங்குமென்று அச்சட்டம் விதித்தது. சமீனுக்குரிய விதியைச் சம்பள வேலைக்கு இட்டனர் என்க! வருவாய் வாரியம் குறித்த கல்விச் சோதனையில் தேறுதல் வேண்டுமென்ற நிபந்தனையும் இருந்தது. வாரிசு சிறுவனாயின் அவன் பெயரைப் பதிந்துவைத்து, அவன் பருவமெய்துங்காறும் பிறனொருவனை அவ்விடத்தில் வைத்தனர். பெண்மக்கட்கு இடமில்லை. இவ்வகையால் தேர்வு இருந்தும், தேர்வெழுதத் தக்கவர் ஒரு வீட்டாரேயாயினர்.

நம்மவர் பேச்சில் பெரும்பாலும் விடுபடுவது ஒன்றுண்டு. அதே சட்டம் தலையாரி, வெட்டி, தோட்டி முதலாய ஊழியங்களையும் பரம்பரையென்றே வைத்தது. கணக்கைத் திறப்பவன் மகன் கணக்கைத் திறந்தான். கணக்குக்கட்டைச் சுமப்பவன் மகன் அதனைச் சுமந்தான். மேலேயிருந்தவர்க்குப் பெருமையாய்த் தோன்றிய விதி கீழேயிருந்தவர்க்குத் தளையாயிற்று. பந்தியில் வருந்திய பெரியவர் இதனை நினைந்திருப்பின் இலையை அத்துணை விரைவில் மடித்திரார் என்று கருதுகின்றோம்.

அரசியற் சட்டத்தின் 16ஆவது பிரிவு, குலவழி காட்டி அரசுப்பணியில் எவரையும் வேறுபடுத்தலாகாதென்றது. அதனைக்கொண்டு, குண்டூர்ச் சீமை முன்சீபு வழக்கொன்றில், 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாரிசு விதி செல்லாதென 1960ஆம் ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் நடைமுறையில் பழைய வீடுகளே நெடுநாள் மேலோங்கி நின்றன. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் ஒன்றால் பகுதிநேரக் கிராம அதிகாரிகள் பதவிகளை ஒருங்கே ஒழித்தது. முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர் பதவியை ஏற்படுத்தியது. வழக்குத் தொடுத்தவர்க்கு 1982இல் உச்சநீதிமன்றம் அது செல்லுமென்றே கூறிற்று. ஒருநாளில் வேலையிழந்தார் பலர், வேறு தொழிலறியாதார். அவர்பால் இரங்காதிருத்தலும் முறையன்று.

இன்று அப்பணிக்கு ஆளெடுப்பது தேர்வாணையம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். நிலமும் வேண்டா, பாட்டனாரும் வேண்டா. இருநூறு வினாக்களில் நூறு தமிழ் என்பதும், தமிழ்ப்பகுதியில் நூற்றுக்கு நாற்பது விழுக்காடு பெறாதார் தாள் மேற்கொண்டு திருத்தப்படாதென்பதும் தமிழாசிரியராகிய எமக்கு உவகை தருவனவே. ஆனால் 2022இல் அப்பணியும் அடங்கிய நான்காந்தொகுதித் தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 22 இலக்கம்! வாயில் அகன்றது; அதன்முன் நிற்கும் கூட்டமும் பெருகிற்று. பட்டணத்துப் பயிற்சி நிலையத்துக்குக் கட்டணஞ் செலுத்தக்கூடிய வீட்டுப்பிள்ளைக்கு இக்கூட்டத்தில் ஒரு கை முன்னேற்றம் உண்டென்பதை மறைப்பதற்கில்லை.

எம் பள்ளியிற் படித்த மாணவன் ஒருவன், கணக்குக்கட்டுச் சுமந்த வெட்டியான் ஒருவரின் கொள்ளுப்பேரன். பகலில் நெல் மண்டியில் எடைபோடுகின்றான். இரவு எட்டுமணிக்குமேல் எம் திண்ணைக்கு வந்து இலக்கணங் கேட்கின்றான். முதன்முறை பின்தங்கினன், இரண்டாமுறை ஆறு மதிப்பெண்ணில் தவறினன். "அடங்கல்" என்னுஞ் சொல்லுக்குப் பொருள் என்னவென்று ஒருநாள் கேட்டான். ஒவ்வொரு புலத்திலும் யார் என்ன பயிரிட்டார் என்று எழுதிவைக்கும் ஏடு என்றோம். "எங்கள் தாத்தா அதைத் தலையில் வைத்துத் தாசில் கச்சேரிக்கு நடந்திருக்கிறாராம், ஐயா, உள்ளே என்ன எழுதியிருந்ததென்று அவருக்குத் தெரியாது" என்றான். மூன்றாமுறையும் எழுதியிருக்கின்றான், முடிவு இன்னும் வெளிவரவில்லை.