‘பிரான்ஸ்’ கப்பலும் என் தங்கை பேரனும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தங்கை வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், உள்ளே இருபது பக்கத்துக்கு மேல் இங்கிலீஷ் தாள்கள்.

“அண்ணே, நீங்க ஆபீஸ்ல எவ்வளவோ ஃபைல் பார்த்தவங்க. இதையும் ஒரு தடவை படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க.”

அவள் பேரன் ஓட்டல் மேனேஜ்மென்ட் படித்தவன். உல்லாசக் கப்பலில் பரிமாறும் வேலை கிடைத்திருக்கிறதாம். அதற்கு ஏஜென்டு மூன்றரை லட்சம் கேட்கிறார், நகையை அடகு வைக்கலாமா என்பதுதான் விஷயம். பையனும் கூட வந்திருந்தான். “தாத்தா, சாப்பாடு, தங்கறது எல்லாம் ஃப்ரீ. சம்பளம் டாலர்ல, அப்படியே மிச்சம். வரியும் கிடையாது. ஒரு வருஷத்துல உலகத்தையே பார்த்துடலாம்” என்றான். “அமெரிக்கக் கம்பெனிப்பா, ஏதாவது ஒண்ணுன்னா அவங்க சட்டம் விட்டுடுமா?” என்று தங்கை சேர்த்துக்கொண்டாள்.

தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னேன். முப்பத்தைந்து வருஷம் எழுத்தராக இருந்தவன். எந்தத் தாளையும் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பதுதான் பழக்கம். அப்படிப் படிக்கும்போது எனக்கு ஒரு கப்பல் ஞாபகம் வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த என் வயதுக்காரர்களுக்கு அதன் பெயர் மறந்திருக்காது.

1962 பிப்ரவரி. எனக்குப் பன்னிரண்டு வயது. வகுப்பில் பிரெஞ்சு ஆசிரியர் ஒரு பத்திரிகைப் படத்தைச் சுவரில் ஒட்டினார். கறுப்பு உடல், வெள்ளை மாடிகள், இறக்கை வைத்த இரண்டு சிவப்புப் புகைபோக்கிகள். அந்தக் கப்பலின் பெயர் ‘பிரான்ஸ்’. அதை வைத்து இலக்கணமும் நடத்தினார். நாடு என்றால் ‘லா பிரான்ஸ்’, பெண்பால். கப்பல் என்றால் ‘லெ பிரான்ஸ்’, ஆண்பால். அன்று மாற்றி எழுதிவிட்டு நான் காதைத் திருகக் கொடுத்தேன், அதனால்தானோ என்னவோ கப்பல் மனதில் நின்றுவிட்டது.

சென்-நசேர் கப்பல் தளத்தில் கட்டி, 1960 மே 11 அன்று தெ கோல் முன்னிலையில் அவர் மனைவி கையால் கடலில் இறக்கினார்கள். நீளம் 316 மீட்டர். 2004இல் ‘குயீன் மேரி 2’ வரும்வரை உலகத்திலேயே நீளமான பயணிகள் கப்பல் அதுதான். 1962 பிப்ரவரி 3 அன்று லெ ஆவ்ர் துறைமுகத்திலிருந்து நியூயார்க்குக்கு முதல் பயணம் போனது. இரண்டாயிரம் பயணிகள், அவர்களைக் கவனிக்க ஆயிரத்து நூறு ஊழியர்கள்.

இந்த ஆயிரத்து நூறு என்ற கணக்கில்தான் முதல் தப்பெண்ணம் இருக்கிறது. கப்பல் ஊழியர் என்றால் மாலுமி, கயிறு இழுப்பவர், காப்டன் என்று நினைக்கிறோம். பயணிகள் கப்பலில் அவர்கள் சிறுபான்மைதான். பெரும்பாலோர் சமையல்காரர், பரிமாறுபவர், அறை துடைப்பவர், துணி வெளுப்பவர், பாத்திரம் கழுவுபவர். பிரெஞ்சில் சொன்னால் கார்சோன்கள். நம் பையன் போகும் வேலையும் அதுதான். அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் ஊரில் “பையன் கப்பல்ல ஆபீசர்” என்று சொல்லிப் பெண் பார்க்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தத் தப்பெண்ணங்கள் எங்கிருந்து வந்தன என்று யோசித்துப் பார்த்தேன். நம் ஊரில் கப்பலைப் பற்றிக் கதை சொன்னவர்கள் எல்லாம் பயணிகளாகப் போனவர்கள். என் பெரியப்பா சொல்தா. சைகோன் போக, பாலத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற கப்பலில் சலங்கு வழியாகப் போய் ஏறியதை ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கப்பல் ரொட்டி, கப்பல் ஒயின், கடல் காற்று. கீழ்த்தட்டில் அடுப்பெரித்தவனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் பார்த்திருக்க மாட்டார். பயணி பார்க்கும் கப்பல் வேறு, ஊழியன் பார்க்கும் கப்பல் வேறு.

‘பிரான்ஸ்’ கப்பலுக்கு வருவோம். அதன் ஊழியர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பிரெஞ்சுச் சட்டம், பிரெஞ்சுக் கொடி, பலமான தொழிற்சங்கம். ஆனால் கப்பல் அரசு மானியத்தில்தான் ஓடியது. ஜெட் விமானம் பயணிகளைப் பறித்துக்கொண்டது. 1973 கடைசியில் எண்ணெய் விலை ஏறியதும் கணக்கு முழுக்கக் கவிழ்ந்தது. 1974 ஜூலையில் மானியம் நிறுத்தம் என்று அரசு சொல்லிவிட்டது. செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கிலிருந்து திரும்பிய கப்பலை லெ ஆவ்ர் வாசலில் ஊழியர்களே கைப்பற்றி, துறைமுக வழியை மறித்து நங்கூரம் பாய்ச்சி நிறுத்தினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை வேறு கப்பலில் ஏற்றிக் கரை சேர்த்தார்கள். ஊழியர்களின் கோரிக்கை, கப்பல் ஓட வேண்டும், வேலை இருக்க வேண்டும் என்பது. ஏறக்குறைய ஒரு மாதம் கடலில் நின்றார்கள். கடைசியில் தோற்றார்கள். லெ ஆவ்ரின் ஒரு மூலையில் நாலு வருஷம் கப்பல் சும்மா கிடந்தது. அந்த இடத்துக்கு ‘மறதித் துறை’ என்றே பெயர் வந்துவிட்டது.

தோற்றார்கள்தான். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். வேலை போகும் என்றதும் உலகம் பார்க்கும்படி கப்பலை நிறுத்த அவர்களால் முடிந்தது. பதில் சொல்ல ஒரு அரசாங்கம் எதிரில் இருந்தது.

1979இல் நார்வேக்காரர் க்னுட் க்ளோஸ்டர் 1 கோடியே 80 லட்சம் டாலருக்கு அதை வாங்கினார். 1966இல் மயாமியிலிருந்து ‘சன்வார்ட்’ என்ற கப்பலை விட்டு, இன்று நாம் பார்க்கும் உல்லாசக் கப்பல் தொழிலுக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர் அவர். ஜெர்மனியில் பிரேமர்ஹாஃபனில் பழுதுபார்த்து, இயந்திர அறைகளில் ஒன்றை மூடி, வேகத்தைக் குறைத்து, ஆட்களையும் குறைத்து, ‘நார்வே’ என்று பெயர் மாற்றி 1980இல் கரீபியன் கடலில் விட்டார். பல தேசத்து ஊழியர்கள் இருந்ததால் ஐக்கிய நாடுகள் சபையின் கொடியையும் அனுமதி வாங்கிப் பறக்கவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார் என்றே நினைக்கிறேன். ஆனால் சட்டத்துக்கு அந்தக் கொடி செல்லாது. எந்த நாட்டில் கப்பல் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டுக் கொடிதான் செல்லும்.

தங்கை சொன்ன ‘அமெரிக்கச் சட்டம்’ விழுந்துவிடுவது இங்கேதான். கம்பெனி ஆபீஸ் மயாமியில் இருக்கலாம், பயணிகள் அமெரிக்கர்களாக இருக்கலாம். கப்பல் பகாமாஸ், பனாமா, மால்டா என்று எங்காவது பதிவாகியிருக்கும். இது இன்று நேற்று வந்த ஏற்பாடில்லை. 1922இல், மதுவிலக்குக் காலத்தில், கப்பலில் சாராயம் விற்பதற்காக ‘ரிலயன்ஸ்’, ‘ரெசலூட்’ என்ற இரண்டு அமெரிக்கக் கப்பல்கள் பனாமாக் கொடிக்கு மாறின. சாராயத்துக்குத் திறந்த கதவு சம்பளத்துக்கும் உதவியது. அந்நியக் கொடிக் கப்பலின் அந்நிய ஊழியர்களுக்கு அமெரிக்கத் தொழிலுறவுச் சட்டம் பொருந்தாது என்று 1963இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அவர்களுக்குக் கிடையாது.

‘உலகத்தைப் பார்க்கலாம்’ என்பதையும் இதே கப்பலில் வைத்துப் பார்க்கலாம். கரீபியன் தீவுகள் பலவற்றில் ‘நார்வே’ கரையணைய முடியாது. அவ்வளவு பெரிசு. அதனால் இரண்டு பெரிய படகுகளைத் தன் மேல்தட்டிலேயே சுமந்து போய், தூரத்தில் நின்று பயணிகளை இறக்கி ஏற்றியது. பயணி கடற்கரையில் இருக்கும் நேரத்தில் ஒருவன் படகு ஓட்டுகிறான், ஒருவன் அறை துடைக்கிறான், ஒருவன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெங்காயம் நறுக்குகிறான். இன்றும் அப்படித்தான். காலையில் துறை, மாலையில் புறப்பாடு. ஊழியனுக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஓய்வு கிடைத்தால், வீட்டுக்குப் போன் பேசவே சரியாகிவிடும். சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தமே வாரத்துக்கு 72 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் கொடுக்கிறது. நமக்கு ஆபீசில் சனிக்கிழமை அரை நாள் இருந்ததற்கே எவ்வளவு முணுமுணுத்தோம்!

பணக் கணக்கை ஒரே வரியில் முடிக்கிறேன். ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தம், முடிந்ததும் வீடு, வீட்டில் இருக்கும் மாதங்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் இல்லை. வரி இல்லை என்பதும் அந்த நிதியாண்டில் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தான் என்ற கணக்கைப் பொறுத்தது, இனாமாக வருவதில்லை.

இனி சொல்லப்போவதுதான் என்னைத் தூங்கவிடாதது.

2003 மே 25, ஞாயிற்றுக்கிழமை. ‘நார்வே’ விடியற்காலையில் மயாமி துறைக்கு வந்து கட்டியாயிற்று. இரண்டாயிரம் பயணிகள் இறங்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். காலை ஆறரை மணி வாக்கில் கீழே ஒரு பாய்லர் வெடித்தது. கப்பல் கட்டிய காலத்துப் பாய்லர். கொதிநீராவி ஊழியர்கள் இருந்த பகுதிகளில் பாய்ந்தது. 8 பேர் இறந்தார்கள். எட்டுப் பேரும் ஊழியர்கள். பயணிகளில் ஒருவருக்குக்கூட உயிர்ச்சேதம் இல்லை. பாய்லரைச் சரியாக இயக்கவில்லை, பராமரிக்கவில்லை, சோதிக்கவில்லை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து எழுதியது. கம்பெனி பின்னர் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

ஆனால் இறந்தவர்களிலும் காயப்பட்டவர்களிலும் பிலிப்பைன்ஸ் குடும்பங்கள் பல மயாமியில் நஷ்டஈட்டு வழக்குப் போட்டபோது நடந்தது வேறு. வேலைக்குச் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், தகராறு வந்தால் பிலிப்பைன்சில் நடுவர் முன்னால்தான் தீர்க்க வேண்டும் என்று ஒரு ஷரத்து இருந்தது. அது செல்லும், இங்கே விசாரிக்க முடியாது என்று 2005இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விபத்து மயாமியில், கம்பெனி மயாமியில், வழக்கு மட்டும் மணிலாவுக்கு.

நம் பையனின் தாள்களில் கடைசிக்கு முந்தின பக்கத்தில் அதே மாதிரி ஷரத்து ஒன்று இருந்தது. ஊர்ப் பெயர்தான் வேறு.

அந்தக் கப்பலின் மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2006 ஆகஸ்டில், காப்பி குடித்துக்கொண்டே பேப்பர் பார்த்தபோது, குஜராத்தில் அலங் கடற்கரையில் ‘ப்ளூ லேடி’ என்ற கப்பலை உடைக்கக் கொண்டுவந்திருப்பதாகவும், உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் நிறைய இருப்பதால் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடப்பதாகவும் படித்தேன். இரண்டாவது பத்தியில்தான் பழைய பெயர் இருந்தது. என் வகுப்புச் சுவரில் இருந்த ‘பிரான்ஸ்’ நம் நாட்டு மணலில் வந்து கிடந்தது. 2007 செப்டம்பரில் உடைக்க அனுமதி கிடைத்தது. அதன் முன் மூக்கை மட்டும் வெட்டி எடுத்துப் போய் 2009இல் பாரிசில் ஏலம் விட்டார்கள்.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். “கப்பல் வேலை அடிமை வேலை, போனால் கெட்டுப்போவான்” என்று சொல்பவர்களும் என் திண்ணைக்கு வருகிறார்கள். அதுவும் தப்புத்தான். இந்தச் சம்பாத்தியத்தில் தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து, வீடு கட்டி, ஊரோடு கடை வைத்தவர்களை எனக்கே தெரியும். 2006இல் எழுதப்பட்ட அந்தக் கடல்சார் ஒப்பந்தம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் 2015இல் ஏற்றுக்கொண்டது. நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவு முதலாளியுடையது, வேலை வாங்கித் தர ஊழியனிடம் பணம் வாங்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. மருத்துவச் சான்று, கடலோடிப் புத்தகம், பாஸ்போர்ட் இவற்றின் செலவு மட்டும்தான் பையனுடையது. விசாச் செலவுகூட முதலாளி தலையில்தான்.

அப்படியானால் மூன்றரை லட்சம் எதற்கு?

இரண்டு நாள் கழித்து இருவரும் வந்தார்கள். மும்பை கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் பெற்ற ஏஜென்டுகளின் பட்டியலைப் பையனையே அவன் போனில் எடுக்கச் சொன்னேன். மேலும் கீழும் மூன்று தடவை தேடினான். அவர்கள் ஏஜென்டு பெயர் அதில் இல்லை. பையன் முகம் தொங்கிப்போயிற்று. தங்கை மட்டும் முந்தானையில் முடிந்திருந்த அடகுக்கடைச் சீட்டை எடுத்துப் பார்த்தாள். எனக்குச் சொல்லாமல் முந்தின நாளே வளையலை வைத்திருக்கிறாள். நல்லவேளை, பணம் இன்னும் கைமாறவில்லை.

“அப்போ போகவே வேணாங்கறீங்களா தாத்தா?”

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பட்டியலில் இருந்த மூன்று பெயர்களைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். எந்தக் கொடி, எத்தனை மாதம், தகராறு வந்தால் எந்த ஊரில் விசாரணை என்று மூன்று கேள்விகளையும் கீழே எழுதினேன். அடுத்த வாரம் சென்னைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறான். வளையலை நேற்று மீட்டாயிற்று, வட்டி நூற்று எண்பது ரூபாய்.