பெரட்டுக் களம் முதல் கைத்தொலைபேசி வரை

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது முதுமொழி. அந்தச் செல்வத்தைக் காக்கும் செய்தி நம் தோட்ட மக்களிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பதும் ஒரு வரலாறுதான்.

1900ஆம் ஆண்டு வாக்கில் மலாயாத் தோட்டங்களில் நம்மவர்களை வாரிக்கொண்டு போனது மலேரியாக் காய்ச்சல். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டறிந்தார். 1901இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடியவைத்தார். காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. தோட்டங்களில் கொயினா மருந்தும் கொடுக்கப்பட்டது. அந்நாளில் படிக்கத் தெரிந்தோர் சிலரே. பெரட்டுக் களத்தில் டிரஸ்ஸர் ஐயா வாய்விட்டுச் சொன்னதே மருத்துவச் செய்தி. புரியாவிட்டால் அவரையே திரும்பக் கேட்கலாம்.

காலம் மாறியது. கோவிட்-19 நோய் பரவியதால் 2020 மார்ச் 18 முதல் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. மார்ச் 27இல் நம் குளுவாங் மாவட்டத்துச் சிம்பாங் ரெங்கத்தில் இரண்டு குடியிருப்புகள் முற்றாக அடைக்கப்பட்டன. நாட்டிலேயே அத்தகைய கடுமையான கட்டுப்பாடு முதலில் விதிக்கப்பட்டது அங்கேதான். ஏப்ரலில் மைசெஜாத்ரா செயலி வந்தது. பிறகு கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் கைத்தொலைபேசியில் பதிவு செய்தோம். 2021 பிப்ரவரியில் தடுப்பூசி தொடங்கியபோது, அதற்குப் பெயர் கொடுப்பதும் தேதி வருவதும் பெரும்பாலும் அந்தச் செயலி வழியாகவே நடந்தன.

அப்போது என்னிடம் வந்தார் ஒரு பாட்டி. முப்பது வருஷம் பால் மரம் சீவியவர். "வாத்தியாரையா, ஊசி போட்டா ரெண்டு வருஷத்துல செத்துருவோமாமே? புலனத்துல வந்துச்சுன்னு பேசிக்கிறாங்க" என்றார். அது வதந்தி என்று எடுத்துச் சொன்னேன். மகனின் கைத்தொலைபேசியில் பார்த்தால், அவருக்கு ஊசித் தேதி வந்து நான்கு நாள் கடந்திருந்தது! செய்தி மலாயில் இருந்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை. பொய்ச் செய்தி தமிழில் காதுக்கு வந்துவிட்டது. உயிர் காக்கும் செய்தி சட்டைப்பையிலேயே கிடந்தது. மறுபடியும் பதிவு செய்தோம். ஐந்தாம் ஆண்டு படிக்கும் பேரன் தினமும் செயலியைத் திறந்து படித்துக் காட்டினான். பாட்டிக்கு இரண்டு ஊசியும் கிடைத்தன.

பெற்றோர்களே, இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. செயலி மருந்தல்ல, மருந்துக்கு வழி காட்டும் கைகாட்டி மரம். அதைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். 2022 மே மாதம் முதல் கடை வாசலில் பதிவு செய்யும் கட்டாயம் இல்லை. ஆனால் பல அரசாங்கக் கிளினிக்குகளில் டாக்டரைப் பார்க்க நேரம் குறிக்க அதே செயலி பயன்படுகிறது. ஆகவே, "நமக்கு எதுக்கு இதெல்லாம்" என்று ஒதுக்கிவிடாதீர்கள். புலனத்தில் வரும் வைத்தியத்தை அப்படியே நம்பி அடுத்தவருக்கு அனுப்பவும் வேண்டாம். சந்தேகம் வந்தால் கிளினிக்கில் கேளுங்கள். 2017இல் அரசாங்கம் தொடங்கிய 'செபெனார்ஞா' இணையத் தளத்திலும் பாருங்கள்.

மாணவச் செல்வங்களே! அன்று டிரஸ்ஸர் ஐயா செய்த வேலையில் ஒரு பங்கு இன்று உங்கள் கையில் இருக்கிறது. விளையாடி முடித்துத் தொலைபேசியைக் கீழே வைக்கும் முன், தாத்தா பாட்டிக்கு வந்த செய்தியை ஒரு தரம் படித்துக் காட்டுங்கள். நீங்கள் கற்ற கல்விக்கு அதுவும் ஒரு பரிசுதான்.