தன் புத்தகத்தைத் தானே புகழலாமா? ஓலைத்தூக்கு முதல் ஃபேஸ்புக் வரை

போன பதிவில் தமிழ் எண்களைப் பற்றி எழுதியிருந்தேன். இந்தமுறை விஷயம் வேறு. ஆனால் பழைய நன்னூல் இதிலும் வந்துவிட்டது, பயப்படாமல் படியுங்கள் :-)

விடுமுறைக்கு உசிலம்பட்டி வந்திருந்தபோது எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரைப் பார்க்கப் போனேன். எனக்கு வகுப்பெடுத்தவர் இல்லை, அப்பாவுக்கு எடுத்தவர். சுற்றுவட்டாரக் கிராமங்களில் பெரியவர்கள் சொல்லக் கேட்டு எழுதிவைத்த கதைகளையெல்லாம் தொகுத்து, தன் சொந்தப் பணத்தில் புத்தகமாக அடித்திருக்கிறார். 500 பிரதிகள். அதில் பெரும்பகுதி இன்னமும் கட்டிலுக்கு அடியில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறது.

"ஐயா, ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் ஆரம்பித்துத் தருகிறேன். வாட்சப்பிலும் அனுப்பலாம்" என்றேன்.

"ஏப்பா, நான் எழுதுனத நானே நல்லாருக்குன்னு எப்படிப்பா சொல்றது? சந்தையில கத்தரிக்கா விக்கிறவன் மாதிரி கூவச் சொல்றியா?" என்று கேட்டார். பிறகு, "தன்னைத்தானே புகழக் கூடாதுன்னு நன்னூல்லயே இருக்கு" என்று முடித்துவிட்டார்.

அவர் சொன்னது உண்மையா என்று தேடப் போனதுதான் இந்தக் கட்டுரை. பாதி உண்மை என்பதுதான் நான் கண்டுபிடித்தது.

நன்னூல் என்ன சொல்கிறது?

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் தொடக்கத்தில் 'பாயிரம்' என்று ஒரு பகுதி இருக்கிறது. பள்ளியில் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியதோடு மறந்துவிட்டோம். இப்போது மறுபடி படித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஒரு நூலின் சிறப்புப் பாயிரத்தில் எட்டு விஷயங்கள் இருக்கவேண்டுமாம். எழுதியவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், அமைப்பு, சொல்லும் பொருள், யாருக்காக எழுதப்பட்டது, படித்தால் என்ன பயன். இதோடு காலம், அரங்கேறிய களம், எழுதிய காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்வாரும் உண்டு என்கிறார்.

இன்று ஒரு புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கள். கிட்டத்தட்ட இதே பட்டியல்தான்! பாயிரத்துக்கு இன்னொரு பெயரே அணிந்துரை. ஆக, நூலை அறிமுகப்படுத்தும் வேலை நமக்குப் புதிதே அல்ல.

சரி, அதை யார் எழுதவேண்டும்? அங்கேதான் கட்டுப்பாடு. நூலாசிரியரின் ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், தகுதியுள்ள உரைகாரர் ஆகிய நால்வரில் ஒருவர்தான் எழுதவேண்டும். எத்தனை துறைகளில் கரைகண்டவராக இருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்கிறது நன்னூல். எங்கள் ஐயா சொன்னது இதைத்தான்.

ஆனால் நன்னூல் அதோடு நிறுத்தவில்லை. அடுத்த சூத்திரத்தில் நான்கு விதிவிலக்குகள் கொடுக்கிறது. அரசனின் அவைக்கு ஓலை எழுதி அனுப்பும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்லும்போது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது. இந்த நான்கு இடங்களில் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம்.

இரண்டாவது விதிவிலக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்கு வருகிறேன்.

அரசனுக்கு ஓலை

அச்சு வருவதற்கு முன் ஒரு நூல் வெளியாவது என்றால் அரங்கேற்றம்தான். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியது என்று பனம்பாரனாரின் பாயிரம் சொல்கிறது. நம் மதுரையில் குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றியபோது திருமலை நாயக்கர் கேட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவையில் கேள்வி கேட்பார்கள், குற்றம் சொல்வார்கள். பதில் சொல்லித் தப்பித்தால்தான் நூல் நூலாகும்.

அவைக்குள் நுழையவே வழியில்லாத புலவர் என்ன செய்வார்? சீட்டுக்கவி எழுதி அனுப்புவார். நான் இன்னார், என் தமிழ் இப்படிப்பட்டது, எனக்கு இது தேவை என்று செய்யுளிலேயே விண்ணப்பம். நன்னூல் சொன்ன முதல் விதிவிலக்கு இதுதான். அந்தகக்கவி வீரராகவ முதலியார் இதில் பேர்பெற்றவர்.

கையொப்பம் தேடி அலைந்தவர்

1835இல் வந்த சட்டத்துக்குப் பிறகு இந்தியர்களும் தடையில்லாமல் அச்சகம் வைக்க முடிந்தது. ஏடுகள் அச்சேறத் தொடங்கின. ஆனால் காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் பணம்? அரசர்கள் போய் ஜமீன்தார்களும் மடங்களும் இருந்த காலம். அவர்களும் எல்லோருக்கும் கிடைக்கமாட்டார்கள்.

உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானார். அதே ஆண்டு அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த பிறகுதான் சீவக சிந்தாமணியைத் தொட்டார். 1887இல் நூல் வெளிவந்தது. இடையில் ஏழு வருஷ உழைப்பு. அதில் ஏடு தேடிய கதை எல்லோருக்கும் தெரியும். பணம் தேடிய கதையை நாம் அதிகம் பேசுவதில்லை. நூல் வந்ததும் வாங்கிக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே கையொப்பம் போடுபவர்களைத் தேடி அவரே போனார். கல்லூரி விடுமுறைகளில் சென்னைக்கு வந்து அச்சுவேலையைக் கவனித்ததோடு, வீடுவீடாகப் பெரிய மனிதர்களையும் பார்த்தார். மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பூண்டி அரங்கநாத முதலியார் போன்றவர்கள் இதற்குத் துணை செய்தார்கள். இதையெல்லாம் ஐயரே 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார்.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. இங்கிலாந்தில் அலெக்சாண்டர் போப் ஹோமரின் இலியட்டை மொழிபெயர்த்தபோது (1715–1720) இதே முறைதான். ஆறு தொகுதிகள், தொகுதிக்கு ஒரு கினி, முன்பணம் கட்டியவர்கள் பட்டியல். அந்தப் பணத்தால் புரவலர் தயவு இல்லாமல் வாழ்ந்த கவிஞர் அவர்.

அமெரிக்காவின் வால்ட் விட்மன் இன்னும் ஒருபடி மேலே போனார். 1855இல் 'புல்லின் இதழ்களை'த் தன் செலவில் அச்சிட்டுவிட்டு, அதைப் புகழ்ந்து பெயர் போடாமல் அவரே பத்திரிகைகளில் விமர்சனம் எழுதினார்! எமர்சன் தனக்கு எழுதிய தனிப்பட்ட பாராட்டுக் கடிதத்தை அவரைக் கேட்காமலே செய்தித்தாளில் வெளியிட்டார். இன்று போலிக் கணக்கு தொடங்கித் தன் புத்தகத்துக்குத் தானே ஐந்து நட்சத்திரம் போடுபவர்களுக்கு அவர்தான் முன்னோடி என்று நினைக்கிறேன் :-)

பாரதியின் இரண்டு கடிதங்கள்

இந்தக் கதையில் என்னை மிகவும் பாதித்தது பாரதியார்தான்.

1907இல் பாரதியின் பாடல்களைக் கேட்டு மனமுருகி, வி. கிருஷ்ணசாமி ஐயர் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். இத்தனைக்கும் அவர் அரசியலில் பாரதிக்கு எதிரணி, மிதவாதி. பாரதி புதுச்சேரியில் இருந்தபோது 1917இல் பரலி சு. நெல்லையப்பர் 'கண்ணன் பாட்டை' வெளியிட்டு முன்னுரையும் எழுதினார். நன்னூல் கணக்கில் இதெல்லாம் பிறர் சொல்லும் பாயிரம். எந்தக் குறையும் இல்லை.

1918 கடைசியில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையாகி, செல்லம்மாவின் ஊரான கடையத்துக்குப் போனார் பாரதி. கையில் காசில்லை. 1919 மே மாதம் எட்டயபுரம் மன்னருக்குச் சீட்டுக்கவி எழுதினார். தமிழில் புகழ்பெற்ற கவிஞன் இல்லை என்ற பழி தன்னால் நீங்கிவிட்டது என்று அதில் வெளிப்படையாகச் சொன்னார். ஓலைத்தூக்கில் தற்புகழ்ச்சி கூடும் அல்லவா? மரபு மீறாமல்தான் எழுதினார். ஆனால் மன்னரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

அடுத்த ஆண்டு, 1920இல், இன்னொரு கடிதம் எழுதினார். இது செய்யுள் இல்லை, ஆங்கிலத்தில் அச்சடித்த சுற்றறிக்கை. ஒரு மன்னருக்கு இல்லை, பலருக்கு. தன் எழுத்துகளை 40 புத்தகங்களாகப் போடப்போவதாகவும், ஒவ்வொன்றும் 10,000 பிரதிகள் என்றும் திட்டம் சொன்னார். ஆளுக்கு 100 ரூபாய் கடன் கேட்டார். தானமாக அல்ல, வட்டியோடு திருப்பித் தரும் கடனாக. தன் புத்தகங்கள் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு போகவேண்டும் என்பது அவர் ஆசை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 லட்சம் பிரதிகள்! பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் பாரதி போய்விட்டார். 1949இல் சென்னை அரசு அவருடைய படைப்புகளின் உரிமையை வாங்கி, பிறகு அதைப் பொதுமக்களுக்கே விட்டுக்கொடுத்தது. அதன்பின் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றானது. அந்த 4 லட்சத்தை எப்போதோ தாண்டியிருப்போம். கேட்டவர் பார்க்கவில்லை.

இரண்டு கடிதங்களுக்கும் நடுவே ஒரு வருஷம்தான். ஆனால் அந்த ஒரு வருஷத்தில் ஒரு புலவர் அரசனை விட்டுவிட்டு வாசகர்களைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிட்டார். தோற்றுப்போனாலும் அது பெரிய திருப்பம் என்பது என் எண்ணம்.

வாரப் பத்திரிகை முதல் இணையம் வரை

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1925இல் வை.மு. கோதைநாயகி 'ஜகன்மோகினி' பத்திரிகையையே வாங்கி அதில் தன் நாவல்களை வெளியிட்டார். கல்கி 1941இல் சொந்தப் பத்திரிகை தொடங்கினார். தொடர்கதையே அடுத்து வரப்போகும் புத்தகத்துக்கு விளம்பரம் ஆனது. கூலிக்குப் பாடி விற்ற குஜிலி நூல்கள் சந்தைகளிலும் ரயிலிலும் போயின. மதுரை புதுமண்டபத்தின் புத்தகக் கடைகளில் பெரிய எழுத்துக் கதைகள் குவிந்து கிடந்ததை அப்பா சொல்லியிருக்கிறார். கூவி விற்றதால் அந்தக் கதைகள் ஒன்றும் தாழ்ந்துவிடவில்லை.

இணையத்தில் ஜெயமோகன் 2014 ஜனவரி 1 முதல் 2020 ஜூலை வரை வெண்முரசை நாள்தோறும் ஓர் அத்தியாயமாகத் தன் தளத்தில் இலவசமாகக் கொடுத்தார். மொத்தம் 26 நாவல்கள். படித்தவர்களில் பலர் அச்சுப் புத்தகத்துக்கு முன்பதிவும் செய்தார்கள். உ.வே.சா. கையொப்பம் வாங்கியதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

எங்கள் ஊருக்குத் திரும்புவோம்

பாரதி அந்தச் சுற்றறிக்கையை அனுப்பிய அதே 1920இல், ஏப்ரல் 3ஆம் தேதி, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி கைரேகை வைக்க மறுத்தவர்கள் மேல் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். அந்தச் சட்டம் 1947இல்தான் நீங்கியது. எங்கள் மக்களைப் பற்றி அரசாங்கம் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறது. எங்கள் மக்கள் தங்களைப் பற்றிச் சொன்னதோ நெடுங்காலம் வாய்ப்பேச்சாகவே இருந்தது. 2008இல் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' வந்து, 2011இல் சாகித்ய அகாதமி விருதும் பெற்ற பிறகுதான் வெளியூர் நண்பர்கள் சிலர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்கவே ஆரம்பித்தார்கள்.

இப்போது நன்னூலின் இரண்டாவது விதிவிலக்குக்கு வருவோம். தன் ஆற்றலை உணராதவர்கள் நடுவே ஒருவர் தன்னைச் சொல்லிக்கொள்ளலாம். அரசவையில் ஒரு புலவரைப் பத்துப் பேருக்காவது தெரியும். இணையத்தில் உசிலம்பட்டி ஐயாவை யாருக்குத் தெரியும்? அங்கே இருப்பவர்கள் எல்லோருமே உணராதவர்கள்தானே! அங்கே வாய்மூடி இருப்பது அடக்கம் ஆகாது. கதை சொன்ன பெரியவர்களையும் சேர்த்துக் கட்டிலுக்கடியில் கட்டிவைப்பதுதான் ஆகும்.

இதை அப்படியே அவரிடம் போய்ச் சொன்னேன். சூத்திரத்தை எடுத்து இரண்டு தடவை படித்தார். "நாப்பது வருஷம் இதப் பாடம் நடத்துனேன்ப்பா" என்று சிரித்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். புத்தகத்தைப் பற்றி என்ன எழுதினாலும் நன்னூல் சொன்ன அந்த எட்டு விஷயங்கள் மட்டும்தான் இருக்கவேண்டும், 'அற்புதம்', 'ஆகச்சிறந்த' என்ற சொற்கள் கூடாது. புகழ வேண்டுமென்றால் 'தன் மாணாக்கன்' என்ற முறையில் அப்பா எழுதட்டும் என்றார்.

அப்பா மூன்று நாளாகப் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். பாயிரம் எழுதுவது அவ்வளவு சுலபமில்லை போலிருக்கிறது.

உங்கள் ஊரிலும் கட்டிலுக்கடியில் இப்படிப் புத்தகக் கட்டு இருக்கிறதா? பின்னூட்டத்தில் சொல்லுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.