உப்பும் பனியும்

மரக்காணத்து உப்பளங்களை உச்சி வெயிலில் பார்த்தவர்களுக்குத் தெரியும், கண் கூசும். சிறு குன்றுகளாகக் குவித்திருந்த உப்பைப் பார்த்தபோது எனக்குப் பனிப் பிரதேசத்தின் நினைவு வந்தது. அருகில் நின்ற தொழிலாளியிடம், "மழைக் காலத்தில் இதெல்லாம் என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"ஐப்பசியில தண்ணி ஏறிக்கும். பாத்தியெல்லாம் அழிஞ்சிபூடும். தை பொறந்தா மறுபடி மிதிச்சிக் கட்ட வேண்டியதுதாங்க" என்றார்.

குரலில் வருத்தமே இல்லை. நான் அவருக்கு தட்சிண கங்கோத்ரியின் கதையைச் சொன்னேன்.

அண்டார்க்டிகா என்னும் தென் துருவக் கண்டத்துக்கு நம்முடைய முதல் குழு, 1981 டிசம்பர் 6ஆம் தேதி கோவாவிலிருந்து கப்பலேறியது. டாக்டர் காசிம் தலைமையில் 21 பேர். 1982 ஜனவரி 9ஆம் தேதி அங்கே கால் வைத்தார்கள். போய்த் திரும்புவது ஒரு காரியம். குடியிருப்பது வேறு காரியம். 1983-84இல் ஹர்ஷ் குப்தா தலைமையில் சென்ற மூன்றாவது குழு, பனிப் பரப்பின் மேலேயே ஒரு நிலையத்தை எழுப்பியது. கங்கை பிறக்கும் இடத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். கப்பல் திரும்பிய பின் 12 பேர் அங்கே தங்கினார்கள். குளிர்காலத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியன் தலைகாட்டாது. ஒருவருக்கு நோய் கண்டாலும், ஊர் ஞாபகம் வந்தாலும், மற்ற பதினொருவர்தாம் துணை.

நிரந்தர நிலையம் என்று அதற்குப் பெயர். பனி அதைச் சட்டை செய்யவில்லை. காற்று வாரிக்கொண்டு வரும் பனித்தூள், எதிர்ப்பட்ட சுவரோரம் குவியும், குவிந்தது உருகாது. வருஷத்துக்கு வருஷம் கட்டிடம் புதைந்துகொண்டே போயிற்று. 1990இல் அதைக் கைவிட்டார்கள்.

ஆனால் அதற்குள் 1989இல், ஷிர்மாக்கர் என்ற பனி மூடாத பாறைத் திட்டில், நன்னீர் ஏரிக்கரையில், 'மைத்ரி' எழுந்துவிட்டது. 2012இல் 'பாரதி' வந்தது. அது பாறைமேல் கால் ஊன்றி உயர்ந்து நிற்கிறது. காற்றும் பனியும் அடியில் புகுந்து போய்விடும். முதல் வீடு புதைந்து கற்றுக்கொடுத்த பாடம் வீண் போகவில்லை.

முழுதும் கேட்ட அந்த மனிதர், "பொதைஞ்சதும் வேற எடம் பார்த்துக் கட்டிக்கினாங்களா?" என்றார்.

"ஆமாம்."

"அதானுங்க பொழப்பு" என்று சொல்லிவிட்டு, உப்பு வாரும் பலகையோடு பாத்தியில் இறங்கினார்.