கிராஸ் டாக்

கிராஸ் டாக்: சென்னை பிக் எஃப்எம் 92.7 வானொலியில் ஆர்.ஜே. பாலாஜி நடத்திய குறும்பு அழைப்பு நிகழ்ச்சி. தமிழ் ஒலி நையாண்டியின் முக்கியமான வடிவம். 2006இல் கோவை ரேடியோ மிர்ச்சியில் பணியைத் தொடங்கிய பாலாஜி, சென்னைக்கு வந்த பின் இதனால் பரவலாக அறியப்பட்டார்.

பின்னணி: அமெரிக்காவில் நேயர்களே பேச்சு வானொலியை அழைத்துக் கலாய்ப்பதும், அப்பதிவுகள் கைமாறுவதும் ஒரு தலைமறைவுக் கலையாக வளர்ந்தன. இந்தியத் தனியார் எஃப்எம் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதியில்லை. அரசியல் பேச்சு வானொலி இங்கே உருவாகவில்லை. இந்த நிகழ்ச்சியில் அழைப்பின் திசை மாறியது: நிலையமே நேயரை அழைத்தது.

முறை: அறிவிப்பாளர் வேறொருவராக நடித்து, பொருந்தாத கோரிக்கை ஒன்றை வைப்பார். மறுமுனையில் குழப்பம் கோபமாகும். உச்சத்தில் உண்மை உடைக்கப்படும். முகபாவனைக்கு இடமில்லை. சாதாரணத் தொலைபேசி சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையே கடத்துவதால், குரலின் ஏற்ற இறக்கமும் இடைவெளியுமே நாடகத்தைத் தாங்குகின்றன.

பரவல்: சென்னை அலைவரிசை எட்டாத சேலம், நாமக்கல் பகுதிகளிலும் யூடியூப் பதிவுகள் வழியே இதைக் கேட்க முடிந்தது. பாலாஜியின் நையாண்டி பின்னர் எல்.கே.ஜி. (2019) திரைப்படத்தில் நேரடி அரசியலைத் தொட்டது.

அறம்: 2012 டிசம்பரில் ஆஸ்திரேலிய வானொலி ஒன்றின் போலி அழைப்பை எடுத்த, இந்தியாவில் பிறந்த லண்டன் செவிலியர் சில நாள்களில் உயிரிழந்தார். ஆகவே அழைக்கப்பட்டவரின் ஒப்புதலின்றி எதையும் ஒலிபரப்பக் கூடாது. நையாண்டி அதிகாரத்தை நோக்க வேண்டும், எளியவரை அல்ல.